முழங்கால் சில்லின் இருப்பிடம்: ஸ்கேன் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

முழங்கால் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிடி-டிஜி தூரம்: 21 மி.மீ.' என்று ஒரு வரி இருக்கும். கீழ்க்கால் எலும்பின் முன்புற மேடு, சில்லு வழுக்கிச் செல்லும் தொடை எலும்புப் பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் அளவு அது. சில்லு அடிக்கடி விலகிப்போகிறது என்று வரும் ஒருவருக்கு அந்த ஒரு வரி பெரிய விஷயம். 20 மி.மீ.க்கு மேல் என்றால், கீழ்க்கால் எலும்பின் முன்புற மேட்டை வெட்டி, உள்பக்கமாக நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு இறுக்கும் அறுவை சிகிச்சையை மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார். 18 என்று வந்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்: பிசியோதெரபி, அல்லது உள்பக்கத்தில் கிழிந்த தசைநாரை மட்டும் சரிசெய்வது. ஆனால் அதே காலை அதே வாரத்தில் இன்னொரு இடத்தில் படம் எடுத்தால் 18 என்றே வரலாம். இரண்டு இடத்திலும் யாரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை.

அளவு எடுத்தவர் தேர்ந்தவராகவும், கருவி நல்லதாகவும் இருந்தும் எண் ஏன் நகர்கிறது? இதைப் புரிந்துகொள்வது நோயாளிக்குத் தேவையில்லாத சங்கதி என்று நான் நினைக்கவில்லை. எலும்பை வெட்டலாமா என்ற முடிவு இந்த எண்ணோடு கட்டுண்டிருக்கும்போது, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் காலுக்கு உரியவருக்கு உண்டு.

முதலில் சில்லின் வேலை. அது மற்ற எலும்புகளோடு நேரடியாகப் பூட்டப்படாத எலும்பு. மேலே முன்தொடைத் தசை அதை இழுக்கிறது. கீழே ஒரு தடித்த நார் அதைக் கீழ்க்கால் எலும்பின் முன்புற மேட்டோடு கட்டிவைத்திருக்கிறது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே விரலால் தடவினால் தட்டுப்படும் புடைப்புதான் அந்த மேடு. காலை மடக்கும்போது, தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்துக்குள் சில்லு இறங்கி வழுக்கிச் செல்கிறது. கால் முழுதாக நீட்டியிருக்கும்போதோ அது பள்ளத்துக்கு மேலே, எலும்பின் பிடிமானம் அநேகமாக இல்லாமல், தசைகளையும் நார்களையும் நம்பி நிற்கிறது. 20 முதல் 30 டிகிரி வரை மடங்கியதும் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். சில்லு வெளிப்பக்கமாக விலகுவதெல்லாம் பெரும்பாலும் இந்த முதல் 30 டிகிரிக்குள்தான். எனவே படம் எடுத்த நேரத்தில் கால் எவ்வளவு மடங்கியிருந்தது என்ற கேள்வி கடைசிவரை நம்மை விடாது.

எக்ஸ்ரே காலத்து அளவுகளிலிருந்து தொடங்குவோம். சில்லு இயல்பைவிட உயரத்தில் இருந்தால் அது பள்ளத்தில் இறங்கத் தாமதமாகும். அதற்குள் விலகிவிடும் ஆபத்து கூடும். இந்த உயரத்தை அளக்க நியூயார்க்கில் ஜான் இன்சாலும் எட்வர்டோ சால்வாட்டியும் 1971-ல் ஒரு எளிய வழி சொன்னார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கீழ் நாரின் நீளத்தை அளந்து, அதைச் சில்லின் நீளத்தால் வகுக்க வேண்டும். இயல்பாக விடை 1-ஐ ஒட்டி இருக்கும். 1.2-ஐத் தாண்டினால் சில்லு உயரம். வகுத்துப் பார்ப்பதால் எக்ஸ்ரே பெரிதாக விழுந்ததா சிறிதாக விழுந்ததா என்ற கவலையில்லை. கால் கொஞ்சம் கூடக்குறைய மடங்கியிருந்தாலும் பாதகமில்லை. இன்றுவரை நிலைத்திருப்பது அதனால்தான்.

ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. சிலருக்குச் சில்லின் கீழ்முனை மூக்குபோல நீண்டிருக்கும். சில்லின் நீளம் கூடியதாகக் கணக்காவதால் விகிதம் குறைந்து, உயரத்தில் இருக்கும் சில்லும் இயல்பானதாகத் தெரியும். இன்னொன்று, நார் போய் ஒட்டும் இடத்தை எக்ஸ்ரேயில் துல்லியமாகக் குறிப்பது கடினம். புள்ளி வைப்பவரைப் பொறுத்து அது நகரும். இதைவிட விசித்திரமான விளைவும் உண்டு. சில்லைத் தாழ்த்துவதற்காக மேட்டை வெட்டிக் கீழே இறக்கிப் பொருத்தினாலும் இன்சால்-சால்வாட்டி எண் மாறாது. நாரின் நீளமும் மாறவில்லை, சில்லின் நீளமும் மாறவில்லை, அப்புறம் விகிதம் எப்படி மாறும்? அறுவை வெற்றியா என்று பார்க்க இந்த அளவு உதவாது.

இந்தக் குறைகளைத் தவிர்க்கத்தான் 1977-ல் பிளாக்பர்ன்-பீல், 1982-ல் காட்டோன்-டேஷாம் என்று வேறு விகிதங்கள் வந்தன. இவை நாரை விட்டுவிட்டு, சில்லின் குருத்தெலும்புப் பரப்புக்கும் கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்துக்கும் உள்ள உறவை அளக்கின்றன. காட்டோன்-டேஷாம் எண்ணில் பொதுவாக 1.2 அல்லது 1.3-க்கு மேல் போனால் உயரம் என்பார்கள். இங்கே ஒரு சிக்கல்: ஒரே எக்ஸ்ரேயை வைத்து ஒரு விகிதத்தின்படி 'உயரம்' என்றும் இன்னொன்றின்படி 'இயல்பு' என்றும் வருவது அபூர்வமல்ல. அறிக்கையில் வெறுமனே 'சில்லு உயரமாக உள்ளது' என்று எழுதி, எந்த முறையில் அளந்தோம் என்று சொல்லாமல் விட்டால் அதைப் படிப்பவர் இருட்டில்தான் இருக்கிறார். எக்ஸ்ரேக்கு வகுத்த வரம்பை எம்.ஆர்.ஐ.க்கும் அப்படியே வைப்பது இன்னொரு பழக்கம். எம்.ஆர்.ஐ.யில் நோயாளி மல்லாந்து படுத்து, தொடைத் தசையைத் தளரவிட்டிருப்பார். அந்த நிலையில் நார் சில சமயம் தொய்ந்து நெளிந்துகூட இருக்கும். எக்ஸ்ரேயில் எடுத்த அளவும் இதுவும் ஒன்றல்ல.

சில்லு பக்கவாட்டில் விலகியிருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேறு கோணம் வேண்டும். முழங்காலை மடக்கி, சில்லும் பள்ளமும் எதிரெதிரே தெரியும்படி எடுக்கும் எக்ஸ்ரே அது. ஆலன் மெர்ச்சன்ட் 1974-ல் காலை 45 டிகிரி மடக்கி எடுக்கும் முறையைத் தரப்படுத்தினார். பள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து சில்லின் முகடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரு கோணமாக அளந்தார். இயல்பான முழங்கால்களில் சராசரி மைனஸ் 6 டிகிரி, திட்ட விலக்கம் 11 டிகிரி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரியைவிட அதன் சிதறல் பெரியது. அதாவது, எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமே மைனஸ் 28-லிருந்து பிளஸ் 16 வரை காணலாம். இவ்வளவு அகலமான இயல்பு எல்லைக்குள் ஒருவருடைய நோயைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. போதாததற்கு, 45 டிகிரியில் சில்லு ஏற்கெனவே பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. விலகும் சில்லும் அங்கே ஒழுங்காகக் காட்சி தரலாம். லோரின் என்ற மருத்துவர் 20 டிகிரியில் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆனால் அவ்வளவு குறைந்த மடக்கத்தில் எக்ஸ்ரே கதிரைச் சரியான கோணத்தில் விழவைப்பது டெக்னீஷியனுக்குப் பெரும்பாடு. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே படம் எடுப்பது கடினம். எளிதாக எடுக்கக்கூடிய இடத்தில் பிரச்சினை மறைந்துகொள்கிறது.

சி.டி. ஸ்கேன் வந்ததும் கால் நீட்டிய நிலையிலேயே குறுக்குவெட்டுப் படம் கிடைத்தது. இந்தத் துறையின் இன்றைய கணக்குவழக்கைப் பெரும்பாலும் எழுதியது பிரான்சின் லியோன் நகரத்து எலும்பு மருத்துவர்கள். டிடி-டிஜி என்ற கருத்தை 1978-ல் குத்தாலியேயும் அவருடைய சக பிரெஞ்சு மருத்துவர்களும் முன்வைத்திருந்தார்கள். அப்போது அது 30 டிகிரி மடக்கி எடுத்த எக்ஸ்ரேயில் அளந்தது. லியோனில் ஆன்றி தெழூரும் குழுவினரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, கால் நீட்டி எடுத்த சி.டி.யில் 20 மி.மீ. என்ற எல்லைக்கோட்டைப் போட்டது. சில்லின் சாய்வுக்கு 20 டிகிரி என்ற கோடும் அங்கிருந்தே வந்தது. அந்த ஆய்விலேயே, சில்லு விலகும் நோயாளிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் டிடி-டிஜி 20-ஐத் தொட்டது. மற்றவர்களுக்கு 20-க்குக் கீழே இருந்தும் சில்லு விலகியது. இந்தப் பின்பாதிச் செய்தி எங்கோ தொலைந்துபோய், 20 என்ற எண் மட்டும் உலகம் சுற்றியது.

இந்த அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கணினித் திரையில் குறுக்குவெட்டுப் படங்கள் வரிசையாக ஓடுகின்றன. ரேடியாலஜிஸ்ட் முதலில் தொடை எலும்பின் பள்ளம் நன்றாகத் தெரியும் ஒரு படத்தைத் தேர்கிறார். எலும்பின் பின்புற இரண்டு குமிழ்களையும் தொடும்படி ஒரு கோடு போடுகிறார். பள்ளத்தின் மிக ஆழமான புள்ளி வழியாக, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. அப்புறம் படங்களைக் கீழே நகர்த்திக்கொண்டே போய், கீழ்க்கால் மேட்டில் நார் ஒட்டும் இடத்தைப் பிடித்து, அதன் நடுவில் ஒரு புள்ளி. அதன் வழியாக இன்னொரு செங்குத்துக் கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் டிடி-டிஜி.

இதில் கைபட்டு நகரக்கூடிய இடங்களை எண்ணிப் பாருங்கள். எந்தப் படத்தைத் தேர்வது, பள்ளத்தின் ஆழப்புள்ளி எது, குமிழ்களை எங்கே தொடுவது, மேட்டின் நடு எது என்று நான்கு தீர்மானங்கள். பள்ளம் ஆழமாக இருப்பவருக்கு இரண்டாவது கேள்வி எளிது. ஆனால் சில்லு விலகும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பிறவியிலேயே பள்ளம் மேடுதட்டி, தட்டையாக, சிலருக்கு வெளிப்புறமாக உப்பிக்கூட இருக்கும். தட்டையான இடத்தில் 'மிக ஆழமான புள்ளி' எது? ஒருவர் இங்கே வைப்பார், இன்னொருவர் 3 மி.மீ. தள்ளி வைப்பார், இருவரும் சரி. யாருக்கு இந்த அளவு மிகவும் தேவையோ அவரிடம்தான் இது மிகவும் தடுமாறுகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது இதுதான். கீழ்ப்புள்ளியிலும் இதே கதை. சி.டி.யில் எலும்பு மேட்டின் உச்சியைப் பார்ப்பார்கள், எம்.ஆர்.ஐ.யில் நாரின் நடுவைப் பார்ப்பார்கள்; இரண்டும் ஒரே இடத்தில் இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

அடுத்தது காலின் நிலை. முழங்கால் முழுதாக நீளும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு வெளிப்பக்கமாகச் சற்றுத் திருகிப் பூட்டிக்கொள்ளும். அப்போது மேடு வெளியே நகர்கிறது, டிடி-டிஜி கூடுகிறது. காலை லேசாக மடக்கியதும் பூட்டு அவிழ்ந்து எண் சரிகிறது. தொல்லையில்லாத தன்னார்வலர்களிடம் எம்.ஆர்.ஐ.யில் அளந்து பார்த்தபோது, நீட்டிய நிலையில் சராசரி சுமார் 15 மி.மீ. ஆக இருந்தது 30 டிகிரி மடக்கத்தில் சுமார் 8 மி.மீ. ஆகிவிட்டது. முதல் 15 டிகிரியிலேயே பெரும்பகுதி குறைந்துவிடுகிறது. தையற்காரரிடம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கொடுப்பது போலத்தான் இது. நாடா சரியாகத்தான் இருக்கிறது.

சி.டி.யில் காலை நீட்டிப் படுக்கவைப்பது வழக்கம். எம்.ஆர்.ஐ.யில் முழங்காலைச் சுற்றி 'காயில்' (coil) என்ற, சிக்னலை வாங்கும் ஒரு கூட்டை மாட்டுவார்கள். அதற்குள் கால் வசதியாக இருக்கட்டும் என்று அடியில் ஒரு மெத்தை வைப்பார்கள், முழங்கால் லேசாக மடங்கிக்கொள்ளும். வலியோடு வந்தவர் தானாகவே கொஞ்சம் மடக்கிக்கொள்வார். அந்த 5 அல்லது 10 டிகிரியை அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. சில்லு விலகும் ஒரே நோயாளிகளிடம் இரண்டு கருவிகளிலும் அளந்து ஒப்பிட்ட 2013-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு ஒன்றில், எம்.ஆர்.ஐ. எண் சி.டி.யைவிடச் சராசரியாக 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் இரண்டு மருத்துவர்களின் அளவுகள் நன்றாகவே ஒத்துப்போயின. கருவிக்கும் கருவிக்கும் இடையில்தான் ஒத்துப்போகவில்லை. முன்பு 2006-ல் வந்த ஒரு ஆய்வு இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் பயன்படுத்தலாம் என்றிருந்தது. பிந்தைய முடிவே எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது, ஏனென்றால் கால் மடங்குவதால் எண் குறையும் என்ற காரணம் அதன் பின்னால் தெளிவாக நிற்கிறது. எனவே சி.டி.க்குப் போட்ட 20 என்ற கோட்டை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அப்படியே ஒட்டவைக்கக் கூடாது.

'ஒத்துப்போயின' என்றால் எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் இதை ஐ.சி.சி. என்ற ஒரு எண்ணால் சொல்லும். 1 என்றால் முழு ஒற்றுமை, 0.75-க்கு மேல் நன்று, 0.9-க்கு மேல் மிக நன்று என்பது பரவலான வழக்கு. டிடி-டிஜிக்கு 0.8, 0.85 என்றெல்லாம் வரும்போது 'நம்பகமான அளவு' என்று முடித்துவிடுவார்கள். சரி, அதையே மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு கூட்டத்தில் டிடி-டிஜியின் திட்ட விலக்கம் 4 மி.மீ., ஐ.சி.சி. 0.85 என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.85-ஐக் கழித்தால் 0.15, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.39, அதை 4-ஆல் பெருக்கினால் 1.55 மி.மீ. இது ஒரு தடவை அளப்பதில் உள்ள வழக்கமான பிழை. இரண்டு தடவை அளந்தால், கால் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, இரண்டு எண்களுக்கும் இடையே 4.3 மி.மீ. வித்தியாசமாவது வேண்டும். 'நன்று' என்று சான்றிதழ் வாங்கிய அளவின் நிலையே இது. 18-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஐ.சி.சி.யில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ஆய்வில் சேர்த்துக்கொண்டவர்களில் 6 மி.மீ. காரரும் 28 மி.மீ. காரரும் கலந்திருந்தால், யார் அளந்தாலும் இவர்களைப் பிரித்துவிடலாம், ஐ.சி.சி. பிரமாதமாக வரும். எல்லோரும் 17-க்கும் 23-க்கும் நடுவில் இருப்பவர்கள் என்றால் அதே மருத்துவர், அதே கருவி, அதே கவனம் இருந்தும் அந்த எண் சரிந்துவிடும். நிஜத்தில் முடிவெடுக்கச் சிரமப்படும் நோயாளிகள் இந்த நடுப்பகுதியில் இருப்பவர்கள்தான். அதேபோல, இரண்டு அளவுகளுக்கு இடையே உடன்தொடர்பு (ஒன்று கூடினால் மற்றதும் கூடுவது) இருக்கிறது என்பது அவை ஒத்துப்போகின்றன என்பதற்குச் சாட்சியல்ல. ஒருவர் எப்போதும் 3 மி.மீ. கூடுதலாகவே அளந்தாலும் உடன்தொடர்பு முழுமையாக வரும். பிரிட்டன் புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-ல் இதை எடுத்துச் சொல்லி, வித்தியாசங்களையே நேரடியாக வரைந்து பார்க்கும் முறையைக் கொடுத்தார்கள். ஒரு ஆய்வைப் படிக்கும்போது ஐ.சி.சி.யைத் தாண்டி, இப்படி மில்லிமீட்டரில் பிழையைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுவது நல்லது.

எண்ணாக இல்லாமல் வகையாகப் பிரிக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். பள்ளத்தின் வடிவக் கோளாறை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கும் தெழூர் வகைப்பாடு உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் வேறுவேறு எழுத்தைச் சொல்வது சகஜம். லேசான கோளாறு, கடுமையான கோளாறு என்று இரண்டாகக் குறைத்தால் ஒற்றுமை கூடுகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பார்க்கும் அடையாளங்களும், கால் சில டிகிரி திரும்பியிருந்தால்கூடத் தோன்றி மறையும். இரண்டு குமிழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக விழுந்த படத்தில்தான் அவற்றை நம்பலாம்.

இப்போது மென்பொருளே புள்ளிகளை வைத்து அளந்து தருகிறது. ஒரே படத்தைக் கொடுத்தால் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே எண்ணைச் சொல்லும். கைநடுக்கம் போய்விட்டது, நல்லதுதான். ஆனால் கால் மடங்கியிருந்ததும், தசை தளர்ந்திருந்ததும், தட்டையான பள்ளத்தில் ஆழப்புள்ளியே இல்லாததும் அப்படியே இருக்கின்றன. மாறாத எண் எல்லாம் சரியான எண் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேறு ஆதாரப்புள்ளியைத் தேடியும் போயிருக்கிறார்கள். பள்ளத்தை விட்டுவிட்டு, கீழ்க்கால் எலும்பிலேயே பின்புறச் சிலுவை நாரிலிருந்து மேடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளக்கும் முறை 2012-ல் வந்தது. அதன் எல்லை 24 மி.மீ. முழங்கால் திருகுவதால் வரும் குழப்பம் இதில் பெருமளவு குறையும். ஆனால் சில்லு விலகுபவரையும் விலகாதவரையும் பிரித்துக் காட்டுவதில் இது டிடி-டிஜியை வென்றுவிட்டது என்று சொல்லமுடியாது. குழந்தைகளிடம் இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது: எலும்பு வளர வளர டிடி-டிஜியும் கூடுகிறது. உயரமான பெரியவருக்கும் 10 வயதுச் சிறுமிக்கும் ஒரே 20 மி.மீ. எப்படிப் பொருந்தும்?

சில்லு விலகாமல் வெறும் முன்முழங்கால் வலியோடு வருபவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் படத்தில் தெரியும் சாய்வுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. வலியே இல்லாதவர்களின் படங்களிலும் அதே சாய்வு தெரியும். இவர்களிடம் ஒரு கோணத்தைக் காட்டி 'உங்கள் சில்லு இடம் மாறியிருக்கிறது' என்று சொல்வது பயத்தை ஏற்படுத்துமே தவிர சிகிச்சைக்கு உதவாது.

தவறாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையிலேயே பழைய பாடம் இருக்கிறது. ஹவுசர் என்ற மருத்துவர் 1938-ல் சொன்ன அறுவை முறையில் மேட்டை உள்பக்கமாகவும் கீழாகவும் நகர்த்தினார்கள். எலும்பின் வடிவத்தால் அது பின்னாலும் போய்விடும். சில்லு விலகுவது நின்றது. ஆனால் சில்லுக்கும் பள்ளத்துக்கும் இடையே அழுத்தம் ஏறி, பல வருடங்கள் கழித்துப் பலருக்கு மூட்டுத் தேய்மானம் வந்தது. அந்த முறை கைவிடப்பட்டது. இன்றைய முறைகள் அளவோடு நகர்த்துபவை. 10 முதல் 15 மி.மீ.க்குள் டிடி-டிஜியைக் கொண்டுவருவதே பொதுவான இலக்கு. அந்த இலக்கைக் கணக்கிடுவதற்கும் இதே டிடி-டிஜிதான் ஆதாரம். தொடக்க எண் 4 மி.மீ. பிழையாக இருந்தால், தேவைக்கு மேல் நகர்த்திவிடும் ஆபத்து உண்மையானது.

அதனால் அனுபவமுள்ள எலும்பு மருத்துவர்கள் ஒரு எண்ணை வைத்துக் கத்தியை எடுப்பதில்லை. எத்தனை தடவை விலகியது, பள்ளத்தின் வடிவம், சில்லின் உயரம், உள்பக்க நாரின் நிலை, கையால் சில்லை வெளிப்பக்கம் தள்ளும்போது நோயாளி பதறுகிறாரா என்பதெல்லாம் சேர்ந்தே முடிவாகிறது. 28 மி.மீ. என்றால் எந்தக் கருவியும் எந்தக் கோணமும் அதை இயல்பாக்கிவிடாது. 9 என்றால் மேட்டை நகர்த்தும் பேச்சே எழாது. 16-க்கும் 22-க்கும் நடுவே இருப்பவர்கள்தான் கேள்வி கேட்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யிலா சி.டி.யிலா அளந்தீர்கள்? கால் நீட்டியிருந்ததா, மடங்கியிருந்ததா? இன்னொருவரும் அளந்து பார்த்தாரா? மற்ற காலின் எண் என்ன? அறிக்கைக் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் படங்கள் அடங்கிய குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். அறுவை செய்யப்போகும் மருத்துவர் அதைத் திரையில் ஓட்டி, பள்ளத்தின் புள்ளியையும் மேட்டின் புள்ளியையும் தானே வைத்து அளந்துகொள்ள அது போதும்.